பூ நிறைய, காய் இல்லை: கோடைத் தொடக்கத்தில் தோட்டத்துக்குத் தேனீ வர என்ன செய்யலாம்?

கோடை தொடங்கும் இந்த நேரத்தில் தோட்டம் முழுக்கப் பூவாக இருக்கிறது, ரோஜாவும் அடுக்குச் செம்பருத்தியும் பந்து பந்தான செண்டுமல்லியும் பூத்துக் குலுங்குகின்றன, ஆனால் பக்கத்துப் பந்தலில் பூசணி, சுரை, பீர்க்கு எல்லாம் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தேனீயைக் கண்ணிலேயே காணோம், இன்னும் எந்தப் பூச்செடி வைத்தால் வரும் என்பது உங்கள் கேள்வி. கூடவே, குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் தேனீ வந்தால் கொட்டிவிடாதா என்ற கவலையும் இருக்கிறது.

புதுச் செடி வாங்கும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இப்போது இருக்கிற ஒவ்வொரு பூவும் எந்த நேரத்தில் திறக்கிறது, அதற்குள் தேனும் மகரந்தமும் இருக்கிறதா, யார் வந்து போகிறார்கள் என்று பாருங்கள். ஒரு விடியற்காலை, ஒரு பத்து மணி, ஒரு அந்தி நேரம் பார்த்தாலே போதும். எத்தனை பூ இருக்கிறது என்பதைவிட, எந்தப் பூ யாருக்காக எப்போது திறக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பூசணி. அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் நீளக் காம்புதான். கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் ஆண் பூக்களே வரும். நீண்ட பகலும் அதிக வெப்பமும் ஆண் பூவைக் கூட்டும், பெண் பூவைக் குறைக்கும். ஆகவே கோடைத் தொடக்கத்தில் பூவாகப் பூத்தும் பிஞ்சே இல்லை என்றால் அது நோய் அல்ல, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். உங்களுக்குப் பிஞ்சு வந்த பிறகு விழுகிறது. அப்படியென்றால் பெண் பூ வந்துவிட்டது, மகரந்தம்தான் வந்து சேரவில்லை. பூசணியின் மகரந்தம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது, யாராவது சுமந்துவர வேண்டும். பூ திறந்திருப்பதோ விடியற்காலையிலிருந்து முற்பகல் வரைதான். வெயில் ஏறினால் அதற்கும் முன்பே சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீ ஒருமுறை வந்தாலும் போதாது, பல முறை வர வேண்டும். கொஞ்சம் மகரந்தம் மட்டும் விழுந்தால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப்போகும். ஒன்றுமே விழாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். செடிக்கு உரம் போதவில்லை என்று நினைத்துத் தழைச்சத்தைக் கொட்டாதீர்கள். இலைதான் பெருகும்.

தேனீ வரும்வரை கையால் செய்யலாம். காலை எட்டு மணிக்குள், அன்று புதிதாகத் திறந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி படிந்த தண்டைப் பெண் பூவின் நடுவே இருக்கும் சூலகமுடி முழுவதும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். இதைச் செய்து பார்த்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும். கையால் தடவிய பிஞ்சு நின்று, தடவாத பிஞ்சு விழுந்தால், உங்கள் தோட்டத்தில் குறை மகரந்தச் சேர்க்கையில்தான். இரண்டும் விழுந்தால் தண்ணீர், வேர், பழ ஈ என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பூசணியும் பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். சுரையும் புடலையும் பீர்க்கும் அப்படியில்லை. சுரையின் வெள்ளைப் பூ மாலையில் விரிந்து இரவெல்லாம் திறந்திருக்கும். புடலை இருட்டிய பிறகு தன் பஞ்சு போன்ற ஓரங்களை விரிக்கும். பீர்க்கு மஞ்சளாக இருந்தாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் திறக்கும். பெரும்பாலான தேனீக்கள் வேலை முடித்துக் கூட்டுக்குத் திரும்பிய பிறகு திறக்கும் பூவுக்கு யார் வருவார்கள்? அந்துப்பூச்சிகள். அதிலும் நீண்ட உறிஞ்சுகுழலோடு, பூவின் முன்னால் பறந்தபடியே தேன் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சிகள். பலருக்கு அந்துப்பூச்சி என்றாலே இலையைத் தின்னும் புழுதான் நினைவுக்கு வருகிறது. இரவு முழுவதும் அவை செய்யும் வேலையை யாரும் பார்ப்பதில்லை, அதனால் பேசுவதும் இல்லை. பந்தலுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் பளிச்சென்று விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் அந்துப்பூச்சிகளைப் பூவிலிருந்து திசை திருப்பிவிடும். விளக்கை அணைக்க முடியாவிட்டால் தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போடுங்கள். சுரைக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதையும் மாலையில்தான் செய்ய வேண்டும். காலையில் பூசணிக்குச் செய்யும்போதே சுரைக்கும் செய்துவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கத்தரியும் தக்காளியும் வேறு வகை. அவற்றின் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும், நுனியில் மட்டும் சிறு திறப்பு. உலுக்கினால்தான் கொட்டும். அடை கட்டி வாழும் தேனீக்களுக்கு இந்த உலுக்கல் வராது. கரிய பளபளப்பான தச்சன் தேனீக்கும், வயிற்றில் நீல வரிகள் கொண்ட சிறிய தேனீக்கும் வரும். பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரவைத்து ‘ஙொய்’ என்று ஓர் ஓசை எழுப்பும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஓசை அது. ஆஸ்திரேலியாவில் நீலவரித் தேனீ ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 350 முறை தன் தலையைப் பூவின் மகரந்தப்பையில் மோதுவதை ஆய்வாளர்கள் படம்பிடித்திருக்கிறார்கள். கத்தரிப் பூவின் பக்கத்தில் அமைதியாக நின்றால் அந்த ஓசையை நீங்களே கேட்கலாம். தோட்டத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த ஓசை கிடையாது. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே பாதி வேலை முடியும். ஆனால் பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாமல் இருந்தால் தக்காளியின் மகரந்தமே கெட்டுவிடும். அப்போது எத்தனை தேனீ வந்தாலும் பூ உதிரத்தான் செய்யும். மதிய நிழல் கொடுப்பது மட்டும்தான் அதற்கு வழி.

அவரை, தட்டைப்பயறு, வெண்டை ஆகியவை பெரும்பாலும் தாமே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். அவற்றில் பூ கொட்டினால் தேனீயைக் குறை சொல்ல வேண்டாம். தண்ணீரையும் வெப்பத்தையும் பாருங்கள்.

இப்போது உங்கள் பூச்செடிகளுக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்றுமே அடுக்குப் பூக்கள். அடுக்குப் பூ என்பது பெரும்பாலும் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிப்போன பூ. இதழ் கூடக் கூட மகரந்தம் குறையும். தேன் சுரந்தாலும் அத்தனை இதழ்களை விலக்கிக்கொண்டு உள்ளே போக வழியிருக்காது. நம் கண்ணுக்கு நிறைந்த தோட்டம், தேனீக்கு அங்கே இறங்கும் இடமே இல்லை. அடுக்குச் செடிகளைப் பிடுங்கச் சொல்லவில்லை, அவை உங்கள் மகிழ்ச்சிக்கு இருக்கட்டும். அவற்றின் பக்கத்திலேயே ஐந்திதழ் ஒற்றைச் செம்பருத்தி, நடுவட்டம் திறந்து தெரியும் ஒற்றைச் செண்டுமல்லி, ஒற்றை ஜினியா, காஸ்மோஸ் என்று வையுங்கள். சூரியகாந்தி விதை வாங்கும்போது மகரந்தம் இல்லாத ரகமா என்று கேளுங்கள். பூங்கொத்துக்காகவே, துணியில் கறை படாமல் இருக்க அப்படிப்பட்ட ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். தேனீக்கு வேண்டியது மகரந்தம் உள்ள ரகம்.

ஆனால் காஸ்மோஸும் சூரியகாந்தியும் விதைத்துப் பூக்க ஏழெட்டு வாரம் ஆகும். உங்களுக்கு இப்போதே வேண்டும். சீக்கிரம் பலன் தருவது, ஏற்கனவே இருக்கும் செடிகளைப் பூக்க விடுவதுதான். குளிர்காலத்தில் போட்ட கொத்தமல்லி, முள்ளங்கி, கடுகு எல்லாம் இந்தச் சமயத்தில் தண்டு விட்டுப் பூக்கத் தொடங்கும். முற்றிவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறோம். போடாதீர்கள். கொத்தமல்லியின் குடை போன்ற வெள்ளைப் பூ தட்டையானது, தேன் மேலேயே இருக்கும், வாய் நீளம் இல்லாத சின்னஞ்சிறு பூச்சிகளும் குடிக்கலாம். பூவின் முன்னால் காற்றில் அசையாமல் நின்று, தேனீ போல் மஞ்சள் கறுப்புக் கோடு போட்டிருக்கும் ஓர் ஈயைப் பார்த்திருப்பீர்கள். அது பூவில் தேன் குடித்துவிட்டு, சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி மொய்த்த தளிராகத் தேடிப்போய் முட்டையிடும். பிறகு அந்தப் புழுக்கள் அசுவினியைத் தின்று தீர்க்கும். ஒரு கொத்தமல்லிப் பாத்தியைப் பூக்க விட்டால் மகரந்தச் சேர்க்கைக்கும் ஆள் வரும், பூச்சிக் கட்டுப்பாட்டுக்கும் ஆள் வரும்.

துளசியும் அப்படித்தான். இலை பெருகுவதற்காகக் கதிரைக் கிள்ளிக்கொண்டே இருப்போம். இரண்டு செடி இருந்தால் ஒன்றைக் கிள்ளுங்கள், ஒன்றை விட்டுவிடுங்கள். துளசி, திருநீற்றுப்பச்சிலை இரண்டும் கோடை வெயிலிலும் தொடர்ந்து பூக்கும், தேனீக்கள் விடாமல் வரும். ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் திருநீற்றுப்பச்சிலையைத்தான் சொல்வேன். தும்பையும் மூக்குத்திப்பூண்டும் தானாக முளைத்திருந்தால் ஓரமாக ஒரு மூலையில் விட்டுவையுங்கள். களை என்று நாம் பிடுங்கும் அந்தச் சிறு பூக்கள்தான் மற்ற பூக்கள் ஓய்ந்த நாட்களில் சிறு தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் சோறு போடுகின்றன. கோடைத் தொடக்கத்தில் முந்தைய பருவத்துப் பூக்கள் முடிந்து, அடுத்தவை தொடங்காமல் ஓர் இடைவெளி விழுவது உலகின் பல பகுதிகளில் தேனீ வளர்ப்போருக்குத் தெரிந்த விஷயம்தான். பிரிட்டனில் அதற்கு ‘ஜூன் இடைவெளி’ என்றே பெயர். உங்கள் தோட்டத்திலும் எந்த இரண்டு வாரம் பூ குறைகிறது என்று குறித்து வைத்து, அதற்கு எட்டு வாரம் முன்னால் விதையுங்கள். ஒரே நாளில் எல்லா விதையையும் போடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது நல்லது.

எங்கே நடுவது என்பதும் முக்கியம். தேனீ ஒரு முறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவாகத் தேடிப் போகும். அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பத்து வகைச் செடி வைப்பதைவிட, ஒரு வகையை ஒரு சதுர மீட்டர் அளவுக்குச் சேர்த்து நட்டால் அதன் கண்ணில் படும். பந்தலுக்குப் பக்கத்திலேயே நடுங்கள். அடை கட்டும் தேனீக்கள் சில கிலோமீட்டர் வரை போய்வரும், கொசுத் தேனீ போன்ற சிறியவற்றுக்குச் சில நூறு மீட்டர்தான் எல்லை. நிறமும் கணக்கில் உண்டு. கார்ல் வான் ஃப்ரிஷ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1910-களில், பல சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கி, அவை நீலத்தைச் சரியாகத் தேடி வருவதைக் காட்டினார். தேனீக்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். தேனீயின் கண்ணுக்குப் புற ஊதாக் கதிர் தெரியும், சிவப்பு தெரியாது. ஆகவே நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளைப் பூக்களுக்கு முதலிடம் கொடுங்கள். குழாய் போல நீண்ட சிவப்புப் பூக்கள் தேன்சிட்டுக்கும், இட்லிப்பூ போன்றவை பட்டாம்பூச்சிக்கும் ஆகும். தோட்டத்தில் அவையும் இருக்கட்டும், பூசணிக்கு அவற்றை நம்பாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி. செடி வாடினால் பூவில் தேன் சுரப்பது குறைந்துவிடும். பூ இருக்கும், தேன் இருக்காது, ஒருமுறை வந்து ஏமாந்த தேனீ வேறு இடம் பார்க்கப் போய்விடும். பூச்செடிக்கும் காய்கறி போலவே வேர் நனைய ஊற்றுங்கள். பூவின் மேல் தெளிக்காதீர்கள், மகரந்தம் நனைந்தால் வீண். தேனீக்களுக்கும் கோடையில் தண்ணீர் வேண்டும். அடையின் மேல் தண்ணீரைப் பரப்பிச் சிறகால் விசிறித்தான் கூட்டைக் குளிர்விக்கின்றன. ஒரு மண் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு, கல்லின் தலை வெளியே தெரியும் அளவுக்கு ஊற்றி நிழலில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் விழுந்து செத்துப்போகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் கொசு வராது.

சாப்பாடும் தண்ணீரும் இருந்தால் போதாது, தங்க இடமும் வேண்டும். பூச்செடி வைப்பவர்கள்கூட இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். தேனடை கட்டும் ஏபிஸ் பேரினத்தில் இருப்பவை பத்தையொட்டித்தான். மீதியில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை, அவற்றிலும் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை. தோட்டம் முழுக்கச் சிமெண்டு போட்டு, மீதி இடத்தில் மண் தெரியாதபடி காய்ந்த இலை, வைக்கோல் என்று கெட்டியாக மூடாக்கு பரப்பிவிட்டால் அவை எங்கே போகும்? வெயில் படும், தண்ணீர் தேங்காத ஓரத்தில் ஒரு முழம் இடமாவது வெறும் மண்ணாக விடுங்கள், கொத்த வேண்டாம். மூடாக்கு காய்கறிப் பாத்தியில் இருக்கட்டும். காய்ந்த மூங்கில், பட்டுப்போன கிளை இருந்தால் மழை படாத இடத்தில் சாத்தி வையுங்கள், தச்சன் தேனீக்கு அது வீடு. ரோஜா இலையின் ஓரத்தில் வட்டவட்டமாக, கத்தரித்து எடுத்தது போல் வெட்டு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். அது இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப்போன இலை. ரோஜாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மாலையில் மெல்லிய காய்ந்த தண்டுகளையும் பாருங்கள். நீலவரித் தேனீயின் ஆண்கள் தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். காய்ந்த தண்டுகளை எல்லாம் ஒரேயடியாக வெட்டிச் சுத்தம் செய்யாமல் இருக்க இதுவே எனக்குப் போதுமான காரணம்.

பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் அதன் புழுவுக்கும் இடம் கொடுக்க வேண்டும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது, பின்பு பச்சையாக மாறுவது, பட்டாம்பூச்சியின் புழு. செடி பெரிதாக இருந்தால் அது தின்றுவிட்டுப் போகட்டும், சீக்கிரம் தழைத்துவிடும். சின்னக் கன்றாக இருந்தால் புழுவை எடுத்துப் பெரிய செடியில் விடலாம்.

அடுத்தது மருந்து. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒருமுறை தவறான மருந்தை அடித்தால் அத்தனையும் போய்விடும். இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்ஸம், குளோதயனிடின் என்ற பெயர்கள் புட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை செடிக்குள்ளேயே ஊடுருவி, மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். இலையைக் கழுவினாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இந்த மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்ததற்குத் தேனீக்களுக்கு வரும் ஆபத்துதான் காரணம். நாற்றுப்பண்ணையில் வாங்கும் பூச்செடிக்கு முன்பே இதை ஊற்றியிருக்கலாம், கேட்டு வாங்குங்கள், முடிந்தால் விதையிலிருந்து வளருங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானதுதான், ஆனாலும் தேனீயின் மேல் நேராகப் பட்டால் கெடுதல். வழக்கமாக, மாலையில் அடியுங்கள் என்று சொல்வார்கள். பூசணிக்கும் கத்தரிக்கும் அது சரி. உங்கள் சுரைக்கும் பீர்க்குக்கும் மாலைதான் பூ திறக்கும் நேரம்! அந்தப் பந்தலில் அசுவினி வந்தால் காலை வெயில் ஏறும் முன் இலையின் அடிப்பக்கத்தில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விழ வையுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசியாக, குழந்தைகள். பூவில் தேன் குடிக்கும் தேனீ தானாக வந்து கொட்டாது. மிதித்தாலோ கையில் பிடித்து நசுக்கினாலோதான் கொட்டும். ஆண் தேனீக்களுக்குக் கொடுக்கே கிடையாது. கொசுத் தேனீக்குக் கொட்டும் திறன் இல்லை. மண்ணிலும் மரத்திலும் தனியாக வாழும் தேனீக்களுக்குக் காக்கப் பெரிய கூடு இல்லாததால் சண்டைக்கே வராது. ஆபத்து, பெரிய அடையின் அருகே போய்த் தொந்தரவு செய்யும்போதுதான். வீட்டில் அடை கட்டினால் புகை போடவோ கல்லெறியவோ வேண்டாம், பழக்கமுள்ளவரைக் கூப்பிடுங்கள். பூச்செடிப் பாத்தியையும் தண்ணீர்த் தட்டையும் வாசலிலிருந்தும் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். பூவைவிடத் தண்ணீர்த் தட்டில்தான் கூட்டம் அதிகமாக இருக்கும். பூ உதிர்ந்து கிடக்கும் இடத்தில் குழந்தைகள் செருப்புப் போட்டு நடக்கட்டும். கொட்டிவிட்டால் கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் நகத்தால் சுரண்டி உடனே எடுத்துவிடுங்கள், தாமதமானால் நஞ்சு கூடுதலாக இறங்கும். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் குளிர்ந்த ஒத்தடம் போதும். முகம், உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.